பூட்டிய வீட்டில் இருந்த ஹால் டிக்கெட்

அன்புள்ள மகனுக்கு ஆசீர்வாதம்.

இங்கே எல்லோரும் சௌக்கியம், அங்கே எல்லோரும் சௌக்கியமா என்று தொடங்குவதுதான் என் வழக்கம். இன்று அப்படி எழுதக் கை வரவில்லை. உன் அம்மா சௌக்கியமாகத்தான் இருக்கிறாள். நான்தான் உன் கடிதம் வந்த நாளிலிருந்து சரியாக இல்லை. காய்ச்சல், தலைவலி ஒன்றும் கிடையாது, பயந்துவிடாதே. நீ எழுதியிருந்த ஒரு வரி தொண்டையில் சிக்கிக்கொண்டு இறங்கமாட்டேன் என்கிறது.

நீ கேட்டது சின்ன விஷயம். உன் மாமனார் காலமான பிறகு உன் மைத்துனி லலிதா ஹைஸ்கூலின் கடைசி வகுப்பை எட்டிப் பார்க்காமலே துமகூரில் வீட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். அவளை மைசூருக்கு அனுப்பி, எங்களோடு தங்கவைத்து, அந்த ஒரு வருஷப் படிப்பை முடிக்கவைக்க வேண்டும் என்று நீயும் அவள் அக்கா ராஜமும் தீர்மானித்திருக்கிறீர்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்க நல்ல நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாய். அதற்குக் கீழே, போகிற போக்கில், 'எனக்குத்தான் படிப்பு ஏறவில்லை, அவளாவது முடிக்கட்டும்' என்று எழுதியிருக்கிறாய்.

அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டதால் உன் கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். அந்த வரி வந்ததும், கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "இந்த வார்த்தையை அவனுக்கு யார் சொல்லிக் குடுத்தா?" என்றாள். நான் மேலே வாசிக்கப் போனேன். "கேக்கறேனோல்லியோ, யார் சொல்லிக் குடுத்தா?" என்று மறுபடி கேட்டாள். அவளுக்குத் தெரியாமலா கேட்டாள்? உனக்குப் படிப்பு ஏறவில்லை என்று கல்யாண வீடுகளில் சொன்னவன் நான். ஆபீஸில் சொன்னவன் நான். உனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சிரித்தபடியே சொன்னவனும் நான்தான். பல வருஷம் கேட்டுக் கேட்டு நீயே அதை நம்பிவிட்டாய். இப்போது உன் கையெழுத்தில் அது எனக்கே திரும்பி வந்திருக்கிறது.

அதனால் நாள் பார்ப்பது இருக்கட்டும். உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்லாமல் அந்தப் பெண்ணை என் வீட்டு வாசற்படி மிதிக்கவைக்க எனக்குத் தைரியம் இல்லை. நீ முழுவதும் வாசித்துவிட்டு அவளை அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்.

உன் அப்பா எப்பேர்ப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரியும். கோட்டும் ஜரிகைத் தலைப்பாகையுமாக ஆபீஸுக்குப் போகும்போது ஒரு ஆள். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றியதும் வேறொரு ஆள். நீ கடைசி வகுப்பில் இருந்த வருஷம் வாசகசாலையில் ஒரு கூட்டம் நடந்தது. உங்கள் ஹெட்மாஸ்டர்தான் தலைமை. பஞ்சாங்கத்தை மூட்டை கட்டி வைத்தாலொழிய இந்த தேசம் உருப்படாது என்று நான் இங்கிலீஷில் முழங்கினேன். அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வீட்டுக்கு வந்து, மறுநாள் க்ஷவரம் செய்துகொள்ளலாமா என்று பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். நீ கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாய். அப்போது எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதை இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

உன் படிப்பில் எனக்கு அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அக்கறை அளவுக்கு மீறி இருந்ததுதான் வினை. அந்த வருஷம் தசராவுக்கு உன்னை வெளியே விட மறுத்தேன். ஊரே ஜம்பூ சவாரியின் யானை ஊர்வலம் பார்க்கப் போய்விட்டது. நான் உன்னைப் பின்கட்டு அறையில் அல்ஜீப்ராவோடு உட்காரவைத்துவிட்டு, காவலுக்கு வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டேன். பாண்டு வாத்தியம் தெருமுனை வரை கேட்டது. சாயங்காலம் உன் நோட்டை வாங்கிப் பார்த்தால் ஒரு கணக்குகூட இல்லை. பக்கம் முழுக்க யானை. அம்பாரியின் கோபுரத்தை எவ்வளவு சரியான கோணத்தில் போட்டிருந்தாய்! நான் அதைப் பார்க்கவில்லை. நோட்டைத்தான் கிழித்தேன். உன்னைக் கூட்டிப்போய் யானையைக் காட்டிவிட்டு வந்திருந்தால் ராத்திரி சாப்பாட்டுக்குள் அத்தனை கணக்கும் போட்டிருப்பாய் என்று அம்மா அன்றே சொன்னாள். அவள் சொல்லி நான் எதைக் கேட்டிருக்கிறேன்?

இனி பரீட்சைக்கு வருகிறேன். இங்கே வந்ததும் பேனா தயங்குகிறது. நடந்தது உனக்கும் தெரியும்; ஆனால் பாதிதான் தெரியும்.

பரீட்சை தொடங்கிய நாள் அஷ்டமி. போதாததற்கு உன் நட்சத்திரத்துக்குச் சந்திராஷ்டமம். வீட்டைவிட்டுக் கிளம்பவே ஆகாத நாள். சர்க்கார் பரீட்சையைத் தள்ளிவைக்க நான் யார்? பரஸ்தானம் வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். போக வேண்டிய நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல வேளையில் பயணச் சாமானில் ஒன்றைப் போகும் வழியில் இன்னொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது நம் வழக்கம்தானே. அந்த நல்ல வேளையிலேயே புறப்பட்டாயிற்று என்று கணக்கு. "ரெண்டு வெத்தலை பாக்கு வெச்சாப் போறாதா?" என்று அம்மா கேட்டாள். எனக்குப் போதவில்லை. ஆபீஸில் எதையும் முறைப்படி செய்து பழகியவன் அல்லவா? காரியத்துக்கு வேண்டிய சாமானே போனால்தான் பலன் என்று, உன் பேனாவையும் ஹால் டிக்கெட்டையும் ஒரு மஞ்சள் பையில் போட்டேன். நீ, "டிக்கெட் மட்டும் எங்கிட்ட இருக்கட்டும்ப்பா" என்று கையை நீட்டினாய். "உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்றேன். முதல்நாள் சாயங்காலமே, பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் இருந்த என் ஆபீஸ் சிநேகிதர் ராயரின் வீட்டில் பையைக் கொடுத்து, காலையில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

காலையில் நாம் இருவரும் போனபோது ராயர் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. நஞ்சன்கூட்டில் அவருடைய மாமனார் போய்விட்டார், தந்தி வந்து குடும்பத்தோடு முதல் ரயிலில் கிளம்பிவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னாள். துக்கச் செய்தி வந்த பதற்றத்தில் யாருக்கு மஞ்சள் பை ஞாபகம் இருக்கும்? அவர்மேல் எள்ளளவும் தப்பில்லை. நான் பூட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றேன். நீதான் நிதானமாக இருந்தாய். "ஸ்கூலுக்குப் போயிடலாம்ப்பா. நடந்ததைச் சொன்னா ஹெட்மாஸ்டர் ஏதாவது வழி பண்ணுவார்" என்றாய். ஒரு பையனுக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை.

பள்ளிக்கூட வராந்தாவில் ஹெட்மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். மற்ற பிள்ளைகள் உள்ளே போய்விட்டார்கள். "ஹால் டிக்கெட் எல்லி?", டிக்கெட் எங்கே என்று கன்னடத்தில் கேட்டார். உன்னைத்தான் கேட்டார். நீ, "சார், அது..." என்று ஆரம்பித்தாய். எனக்கு அந்த வாசகசாலைக் கூட்டமும் அவர் என் கையைக் குலுக்கியதும் கண்முன் வந்து நின்றன. பஞ்சாங்கம் பார்த்து டிக்கெட்டை இன்னொரு வீட்டில் வைத்தேன் என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? என் கை உன் தோளை அழுத்தியது. "களெது பிட்டா சார், பேஜவாப்தாரி ஹுடுகா" என்றேன். தொலைத்துவிட்டான், பொறுப்பில்லாத பையன் என்றேன். நீ தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாய். தொலைத்தவனை உள்ளே விட விதி இடம் தராது, வேறு டிக்கெட் பெங்களூரிலிருந்துதான் வரவேண்டும், அதற்குள் பரீட்சையே முடிந்துவிடும் என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். மணி அடித்தது. நாம் திரும்பி நடந்தோம். வழியெல்லாம் நீ என்னோடு சேர்ந்தே நடந்து வந்தாய். முன்னால் போயிருக்கலாம், பின்தங்கியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இவ்வளவும் உனக்குத் தெரியும். தெரிந்தும் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டவில்லை. நீ அறியாதது இனிமேல்தான் வருகிறது.

காரியங்கள் முடிந்து ராயர் ஊர் திரும்பினார். மஞ்சள் பையைப் பார்த்ததும் பதறிப்போய், என்னிடம்கூட வராமல், நேரே ஹெட்மாஸ்டரிடம் ஓடியிருக்கிறார். அவர் எனக்கு ஆள் அனுப்பினார். போனேன். மேஜைமேல் அந்தப் பை இருந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை, கோபித்திருந்தால் தேவலை. "தொலைந்தது வேறு, பூட்டின வீட்டுக்குள் இருப்பது வேறு. சர்க்கார் ஆபீஸில் இருப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியாதா? டிக்கெட் எங்கே இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பையனை உள்ளே உட்காரவைத்து எழுதச் சொல்லிவிட்டு, நஞ்சன்கூட்டுக்கு ஆள் அனுப்பிச் சாவியை வரவழைத்திருப்பேன்" என்று கன்னடத்தில் மெல்லச் சொன்னார். உன் வருஷத்தைக் கெடுத்தது அஷ்டமியும் இல்லை, பூட்டும் இல்லை. என் வாயிலிருந்து வந்த பொய்.

அதோடு விட்டாரா? "அடுத்த பரீட்சைக்கு அவனை அழைத்து வாருங்கள். அதுவரை வகுப்பில் வந்து உட்காரட்டும், நானே பார்த்துக்கொள்கிறேன். ஜியாமெட்ரியில் இவ்வளவு தெளிவான பையனை நான் அதிகம் பார்த்ததில்லை" என்றார். இதைத்தான் நான் உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால், அவர் ஏன் என்னைக் கூப்பிட்டார் என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு உண்மையைப் பேசியிருந்தால் நீ பரீட்சை எழுதியிருப்பாய் என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்தபோது நீ கிணற்றடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாய். அந்தப் பரீட்சை போன பிறகும் நீ படிப்பதை நிறுத்தவில்லை. என்னைக் கண்டதும் எழுந்து, "அப்பா, நான் ஹெட்மாஸ்டரைப் போய்ப் பாக்கட்டுமா? மறுபடி எழுத வழி சொல்வார்" என்று கேட்டாய். "வேண்டாம், அவர் உன்மேல ரொம்பக் கோவமா இருக்கார்" என்றேன். உன்னை அவ்வளவு மெச்சிய மனிதர் உன்மேல் கோபமாக இருக்கிறார் என்று, அவர் சொன்னது காதில் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே உன்னிடம் சொன்னேன். நீ புத்தகத்தை மூடினாய். அதற்குப் பிறகு அது திறந்து நான் பார்க்கவில்லை.

உன்னைப் புத்தகத்தோடு பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். நீ படிக்காமல் இருந்தால் நல்லது என்று ஒரு தகப்பன் நினைப்பானா? நான் நினைத்தேன். யார் யாரையோ பிடித்து, பத்ராவதி இரும்பாலையில் உனக்கு ஒரு வேலைக்குச் சிபாரிசு வாங்கினேன். உன்னை ரயிலேற்றி அனுப்பியதற்கும் நாள் பார்த்தேன், தெரியுமா? அமிர்த யோகம். யாராவது கேட்டால், படிப்பு ஏறவில்லை, அனுப்பிவிட்டேன் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நிஜம்போல ஆகிவிட்டது.

அம்மாவுக்கு ஹெட்மாஸ்டர் சொன்ன விஷயம் நேற்றுவரை தெரியாது. நேற்று சொன்னேன். கடைசிவரை கேட்டாள். பிறகு, "இதை அவன்கிட்டச் சொல்லாம இத்தனை வருஷம் சாதம் எப்படி எறங்கித்து உங்களுக்கு?" என்றாள். இறங்கியது. அதுதான் ஆச்சரியம்.

இப்போது லலிதாவைப் பற்றி. இப்படிப்பட்டவன் வீட்டுக்கு ஒரு பெண்ணைப் படிக்க அனுப்புகிறாய். வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று யோசிக்கிறேன். என்ன செய்யக் கூடாது என்பதுதான் அதிகமாகத் தோன்றுகிறது. கூடத்து ஜன்னலோரம் அவளுக்கு. அங்கே உட்கார்ந்து பேப்பர் படிக்கிற நான் இனி வாசல் பக்கம் போய்விடுவேன். அவள் படிக்கிற நேரத்தில் தண்ணீர் சேந்தவும் மாவரைக்கவும் கூப்பிடுவதில்லை என்று அம்மா சொல்லிவிட்டாள். வயசாகிறதே, ஒரு வரனைப் பார்த்து முடித்துவிடலாமே என்று நம் உறவுக்காரர்கள் வந்து உட்காருவார்கள். அவர்களுக்குக் காப்பி கொடுத்து, பரீட்சை முடியட்டும் என்று சொல்லி அனுப்புவது என் வேலை. உரத்த குரலில் பேசப் பழகியவன், இதற்காவது அந்தக் குரல் உதவட்டும். தகப்பனை இழந்த பெண், சில நாள் புத்தகத்தைத் திறக்காமல் அழுவாள். அழட்டும்; பக்கத்தில் அம்மா இருப்பாள். தசரா வந்தால் யானை பார்க்கக் கூட்டிப்போவேன். மார்க் குறைந்தால் ஏன் குறைந்தது என்று அவளிடமே கேட்பேன். வாத்தியாரிடம் நான் முந்திக்கொண்டு பதில் சொல்லமாட்டேன். பரீட்சையில் தவறினால், அந்த முடிவு தெரிந்த அன்றைக்கே, மறுபடி எழுதலாம் என்று அவள் காதில் விழும்படி சொல்வேன். உன் காதில் விழாமல் போனது அந்த ஒரு வாக்கியம்தான். பிள்ளைகள் படிப்பை விடுவது பெரும்பாலும் பாடம் கஷ்டமாக இருப்பதால் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. விழுந்த இடத்தில் பெரியவர்கள் கைகொடுக்காமல், தங்கள் வேஷ்டியில் மண் ஒட்டாமல் பார்த்துக்கொள்வதால்தான் விடுகிறார்கள்.

இன்னொன்று. நேற்று அம்மாவிடம் சொன்ன பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு உன் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அந்த ஹெட்மாஸ்டர் எப்போதோ ஓய்வு பெற்றுச் சொந்த ஊர் போய், அங்கேயே காலமாகிவிட்டாராம். அவரிடம் ஒரு மன்னிப்புக்கூட இனி கேட்க முடியாது. இப்போது இருப்பவர் சின்ன வயசுக்காரர். என் பையன்போலப் படிப்பை விட்டு வேலைக்குப் போய்விட்டவர்கள் பிரைவேட்டாகப் பரீட்சை எழுத முடியுமா என்று கேட்டேன். தாராளமாக எழுதலாம், கல்யாணமானவர்கள்கூட எழுதுகிறார்கள் என்றார். பிறகு, உங்கள் பையன் அப்போது ஏன் எழுதவில்லை என்று சாதாரணமாகத்தான் கேட்டார். குமாஸ்தா இருந்தார், சேவகன் கதவருகே நின்றான், சம்பளம் கட்ட வந்த பெற்றோர் இரண்டு பேர் இருந்தார்கள். வெளியே அதே வராந்தா. "டிக்கெட் அவனு களெதில்ல சார். தப்பு நன்னது" என்றேன். அவன் தொலைக்கவில்லை, தப்பு என்னுடையது என்றேன். பரஸ்தானம் வைத்ததையும் சொன்னேன், பொய் சொன்னதையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. இத்தனை வருஷம் நான் பயந்தது இதற்குத்தானா என்று இருந்தது.

அவர் விண்ணப்பத் தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். வாங்கக் கை போனது. வாங்கி, பூர்த்தி செய்து, உனக்கு அனுப்பி, இந்த இடத்தில் கையெழுத்துப் போடு என்று எழுத நான் துடித்தது நிஜம். மடக்கிக்கொண்டேன். பையன் வந்தால் அவனே கேட்டு வாங்கிக்கொள்வான் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நீ எழுதித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. உனக்கு வேலை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. வேண்டாம் என்றாலும் சரி. ஆனால் உனக்குப் படிப்பு ஏறவில்லை என்று இனி நீயும் எழுதாதே. ஏறிய படிப்பை இறக்கிவைத்தவன் நான்.

நாள் கேட்டிருந்தாய். பஞ்சாங்கத்தை நான் எடுக்கவில்லை. உனக்கு என்றைக்கு லீவு கிடைக்கிறதோ அதுதான் நாள். செவ்வாய்க்கிழமைதான் கிடைக்கும் என்று எழுதியிருந்தாய். செவ்வாய்க்கிழமையே அவளை அழைத்துக்கொண்டு வா. அரசிகெரெயில் வண்டி மாறி நீங்கள் மைசூரில் இறங்கும்போது சாயங்காலம் மூன்றரை மணி ஆகும். செவ்வாய்க்கிழமை அந்த நேரம் ராகு காலம். அந்த நேரத்தில் உன் அப்பா வாசற்படி தாண்டி நீ பார்த்திருக்கமாட்டாய்.

பிளாட்பாரத்தில் நிற்பேன். லலிதாவின் பெட்டியை நான் எடுத்துக்கொள்கிறேன். அன்று வராந்தாவில் நீ "சார், அது..." என்று ஆரம்பித்து நிறுத்தினாயே, அதை முழுவதும் சொல்லிவிடு. எவ்வளவு நேரமானாலும் கேட்டுக்கொண்டு வருகிறேன். இந்தத் தடவை உன் தோள்மேல் கை வைக்கமாட்டேன்.

உன் அப்பா